எடையில் ஐந்தில் ஒன்று

வலம்புரியில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூட ஊரின் வரிச் சட்டத்தை ஒப்பித்துவிடும். அது ஒன்றும் பெரிய சாமர்த்தியம் இல்லை. சட்டமே ஒரே வாக்கியம்தான். பெற்றதில் ஐந்தில் ஒன்று ஊருக்கு. விலக்கு, தள்ளுபடி, சலுகை, படிவம், கடைசித் தேதி, அபராதம் என்று பின்னால் வால் எதுவும் கிடையாது. ஊர்த்தலைவருக்கும் அதே விகிதம், கழிவறை கழுவுகிறவருக்கும் அதே விகிதம். பூமியிலிருந்து விருந்தாளிகள் வந்தால் ஊர்க்காரர்கள் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது இந்த வாக்கியம் பொறித்த பலகையைத்தான். பூமி நீலமாகத் தெரிகிற ஜன்னலெல்லாம் அதற்குப் பிறகு.

வலம்புரி பூமியைச் சுற்றி வருகிற ஊர். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து ராக்கெட் ஏறிப் போன தொழிலாளர்கள் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியது. வடிவத்தில் அது ஒரு வண்டிச் சக்கரம். பாகங்களுக்கும் வண்டிக்காரர்கள் வைத்த பெயர்களே நிலைத்துவிட்டன. விளிம்புக்கு வட்டை, நடுவில் இருப்பதற்குக் குடம், இரண்டையும் இணைக்கிற குழாய்ப் பாதைகளுக்கு ஆரக்கால். சக்கரம் சுழல்வதால் வட்டையில் இருப்பவர்களின் உடம்புக்கு எடை உண்டு. நடக்கலாம், உட்காரலாம், சோற்றைப் பிசைந்து சாப்பிடலாம். குடத்தில் எடை கிடையாது. சரக்குக் கப்பல்கள் வந்து சேர்வதும், உலோகம் உருக்குவதும், ஊருக்குச் சோறு போடுகிற அத்தனை வேலையும் நடப்பது அங்கேதான். அங்கே மனிதர்கள் மிதந்துகொண்டே உழைப்பார்கள்.

எடை இல்லாமல் கிடந்தால் எலும்பு கரையும். எத்தனை மாத்திரை விழுங்கினாலும், எத்தனை ரப்பர் பட்டையை இழுத்து உடற்பயிற்சி செய்தாலும், நாளில் சில மணி நேரமாவது வட்டையில் காலூன்றி நின்றே ஆகவேண்டும். ஆனால் வட்டையில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று அளவு உண்டு. அதற்கு மேல் ஏறினால் சக்கரம் நிலை தடுமாறும். இன்னொரு வட்டை கட்டுவது பற்றி ஊர் உண்டான நாளிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே வலம்புரியில் தங்கத்தைவிட எடை அரிது. கூலியையே எடையாகக் கொடுத்துவிடுவது என்று முன்னோடிகள் முடிவு செய்தார்கள். ஒரு நாள் வேலைக்கு, வேலை முடிந்த பிறகு இத்தனை மணி நேரம் வட்டையில் இருந்துகொள்ளலாம் என்று கணக்கு. அதற்கு எடைமணி என்று பெயர். குடத்தில் உழைக்கிறவருக்கு நாளுக்குப் பத்து எடைமணி. வட்டையில் உட்கார்ந்து நிர்வாகம் பார்ப்பவருக்கு இருபது. அதில் ஐந்தில் ஒன்றை, எல்லோருடைய கணக்கையும் வைத்திருந்து கேட்டால் பதிலும் சொல்கிற வட்டையின் வாசற்கதவே பிடித்துக்கொள்ளும். குடத்துக்காரருக்கு இரண்டு போகும், வட்டைக்காரருக்கு நான்கு போகும். அந்தப் பங்கில்தான் குழந்தைகள் கூடம் நடந்தது. வலம்புரியில் பிறக்கிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையானாலும் எலும்பு முற்றுகிற வரை இரவும் பகலும் வட்டையிலேயே வளரும். கர்ப்பிணிகளும் நோயாளிகளும் அப்படித்தான். பூமியின் எந்த அரசாங்கமும் செய்யாத காரியம் இது என்று ஊருக்குக் கர்வம். அந்தக் கர்வத்தில் தப்பும் இல்லை.

ஊர்ப் பங்கைக் காக்கிற பொறுப்பு லிங்கத்துரையுடையது. எல்லோரும் அவரைப் பங்கு அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். இங்கே வருவதற்கு முன் அவர் தூத்துக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பெரிய மனிதர்களின் வருமானத்தை எந்த விலக்கில் நுழைத்து, எந்தச் சலுகையில் ஒளித்து, வரி படாமல் வெளியே கொண்டுவருவது என்பதுதான் அங்கே அவருடைய தொழில். சம்பளக்காரன் முழு வரியையும் கட்டிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவான். முதலாளி காபியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார். பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் மனிதர் ராக்கெட் ஏறினார். விலக்கு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சுளிக்கும். ஒரு சட்டத்தில் ஓர் ஓட்டை போட்டுவிட்டால் அப்புறம் யானை நுழைகிற வரைக்கும் அதைப் பெரிசு பண்ணிக்கொண்டே போவார்கள் என்பது அவர் கண்ணால் கண்டது.

ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு அவர் பேசுகிற பேச்சு ஊரில் பிரசித்தம். வட்டைக்காரர் கொடுத்ததும் குடத்துக்காரர் கொடுத்ததும் சேர்ந்து ஓடுகிறது பாருங்கள் என்பார். கேட்கிறவர்களுக்கும் நெஞ்சு நிமிரும். கட்டிய பெண்டாட்டிக்கே அவர் ஒரு நிமிடம் தள்ளுபடி கொடுத்ததில்லை என்பதையும் ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

பெண்டாட்டி சேர்மக்கனி குடத்தின் சரக்குத்துறைத் தலைவி. லாரி அளவுப் பெட்டி கப்பலிலிருந்து மிதந்து வரும்போது அதன் போக்கைக் கண்ணால் அளந்து, எந்த இடத்தில் எந்த ஆள் கை கொடுக்கவேண்டும் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுவாள். அவள் தலைமையில் ஒரு பெட்டிகூட சுவரில் மோதியதில்லை. வேலை முடிந்ததும் ஆரக்காலில் இறங்கி எட்டு மணி நேரம் வீட்டில் இருப்பாள். எட்டு முடிந்ததும் மறுபடி குடத்துக்கு ஏறி, அங்கே சுவரில் கட்டிய படுக்கைப் பைக்குள் மிச்சத் தூக்கத்தைத் தூங்குவாள். ஆளுக்கு ஒரு கணக்கு, புருஷன் பெண்டாட்டி என்று சேர்த்துக் கணக்கு இல்லை என்பது ஊர் வழக்கம். அதுவும் அவளுக்குப் பிடித்த வழக்கம்தான். யார் தயவிலும் தான் வட்டைக்கு வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

அந்த எட்டு போதவில்லை. அதுதான் விஷயம்.

எலும்புப் பரிசோதனைக்கு வந்த டாக்டர் நஸீமா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். குடத்தில் நெடுங்காலம் உழைத்த உடம்புக்கு ஒன்பது மணி நேர எடையாவது வேண்டும். எட்டு கிடைத்தால் எலும்பு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கோடு இருக்கிறது. அதற்குக் கீழே போனவர்களை வட்டைக்குள் விடக்கூடாது என்பது மருத்துவ விதி. சொந்த எடையைத் தாங்காமல் இடுப்பு ஒடிந்துவிடும்.

"அக்கா, நீங்க கோட்டுக்குக் கொஞ்சம் மேலதான் நிக்கிறீங்க. இன்னும் ஒரு இறக்கம் இறங்கினா, வட்டைக் கதவை உங்களுக்கு நானே பூட்டணும். அப்புறம் திறக்கவே முடியாது."

லிங்கத்துரை நினைத்துப் பார்த்தார். கதவு பூட்டினால் அவள் சாகும்வரை குடத்தில் மிதக்கவேண்டியதுதான். ஒரே வீட்டில் ஒரே தரையில் நிற்பது என்பது இனி இல்லை. சேர்மக்கனியோ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இன்றைக்கு நல்ல மீன் வந்திருக்கிறது, குழம்பு வைக்கலாமா என்று கேட்டாள். பயந்தால் அவள் சமையலைப் பற்றித்தான் பேசுவாள். அது அவருக்குத் தெரியும்.

இந்தச் செய்தி ஊருக்குள் பரவியது. கோட்டை நெருங்கிக்கொண்டிருப்பவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை, குடத்தில் பலர் அப்படித்தான் என்று தெரியவந்தது. ஊர்த்தலைவர் கோமதிநாயகம் இளகிய மனசுக்காரர். அவர் உடனே ஒரு தீர்மானம் எழுதினார். குடத்தில் உழைக்கிறவர்களுக்கு இனி வரி வேண்டாம். பத்தும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வட்டைக்காரர்கள் ஆளுக்கு நான்கு கொடுக்கிறோமே, அது போதாதா என்று அவர் கேட்டபோது வட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தங்கள் தாராளத்தை நினைத்துக் கண் கலங்கியது.

அன்று லிங்கத்துரைக்கு நடந்ததை என்னவென்று சொல்வது? ஆயுள் முழுக்க விலக்கைக் கரித்துக்கொட்டிய மனிதர், தீர்மானத்தை வாசித்துவிட்டு வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடினார். சேர்மக்கனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"விலக்கு வருது கனி. கூட்டத்துல நிறைவேறிரும். உனக்குப் பத்தும் கிடைச்சிரும்."

அவள் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விலக்குன்னா காறித் துப்புவீய. பொண்டாட்டிக்குன்னதும் இனிக்குதோ?"

இனித்ததுதான். அவர் மறுக்கவில்லை. சட்டம் கிடக்கட்டும், உன் இடுப்பெலும்பு முக்கியம் என்றார். அவள் தட்டை ஒதுக்கிவைத்தாள். அப்புறம் அவள் பேசியதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

"அந்தக் கூடத்துல ஓடுத புள்ளையள்ல ஒண்ணுகூட என் வயித்துல பொறந்ததில்ல. ஆனா ஒவ்வொண்ணு காலுலயும் என்னோட ரெண்டு மணி நேரம் இருக்கு. அதை நீ தரவேண்டாம்னு சொல்ல இவுக யாரு? இன்னைக்கு உன் வரி வேண்டாம்பாவ. நாளைக்குக் கூட்டத்துல நான் வாயத் தொறந்தா, நீ ஊருக்கு என்னத்தைக் கொடுத்தன்னு கேப்பாவ. எலும்பு போனாலும் போகட்டும். கொடுக்கவ கொடுக்கவளாவே இருந்துட்டுப் போறேன்."

அவருக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் அவளை நினைத்துப் பெருமையும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்தார்.

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. வட்டை அதிகாரிகளுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் எடைமணியில் போனஸ் உண்டு. வந்த நாள் முதல் வாங்கிய போனஸ் அத்தனையும் அவர் பெயரில் அப்படியே கிடந்தது. செலவழிக்க வழி இருந்தால்தானே? அவர்தான் எப்போதும் வட்டையிலேயே இருக்கிறாரே. அந்த மணிகளை எல்லாம் அவள் பெயருக்கு மாற்றிவிட்டால் நாளுக்கு ஒன்று கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் பல ஆண்டுகளுக்குத் தாங்கும். வரி விலக்கும் இல்லை, யார் பிச்சையும் இல்லை, புருஷன் கொடுக்கிற சீதனம். சேர்மக்கனியும் யோசித்துப் பார்த்து, புருஷன் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டாள்.

மாற்றும்போது அதிலும் ஐந்தில் ஒன்றைக் கதவு பிடித்துக்கொண்டது. சட்டம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அவர் கதவைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் அவள் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக ஆரக்காலில் இறங்கி வாசலுக்கு வந்தாள். வரவேற்க லிங்கத்துரை உள்பக்கம் கண்ணாடிக்கு அருகில் காத்துக்கொண்டிருந்தார். அவள் கதவில் கையை வைத்தாள். அவள் கணக்கில் இருந்த மணிகளைக் கதவு சரியாகச் சொன்னது. சொல்லிவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டது. இடம் இல்லை.

கதவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று லிங்கத்துரை நினைத்தார். திரும்பக் கை வைக்கச் சொன்னார். திரும்பவும் சிவப்பு. தன் பதவியைச் சொல்லிக் கதவை அதட்டினார். கதவு அசரவில்லை. வட்டையில் இப்போது இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். அளவு எத்தனையோ அத்தனை பேரும் இருக்கிறார்கள் என்றது. சரி, எங்கள் அதிகாரிகள் கணக்கில் எல்லாம் சேர்த்து எவ்வளவு எடைமணி மிச்சம் கிடக்கிறது என்று கேட்டார். கதவு சொன்ன எண்ணை அவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்த மணிகளை அனுபவிக்க இன்னொரு வலம்புரி கட்டவேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேர்மக்கனி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிங்கத்துரை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். எத்தனையோ பேரின் கணக்கைப் பார்த்தவர் தன் கணக்கை ஒருமுறைகூட இப்படி எண்ணியதில்லை.

"எனக்குச் சம்பளம் இருபது. வரி நாலு போச்சு. மிச்சம் பதினாறு. ஆபீஸ்ல எட்டு மணி நேரம். அதுவும் வட்டையிலதான இருக்கு, அந்த நேரமும் உடம்புக்கு எடை இருக்கத்தான செய்யுது. பதினாறும் எட்டும் இருபத்துநாலு."

"ஒரு நாளுக்கு அவ்வளவுதான உண்டு?" என்றாள் அவள்.

"அதான் கனி. ஒரு நாளுக்கு அவ்வளவுதான் உண்டு. அப்போ நான் கொடுத்த நாலு எங்கன இருந்துச்சு?"

எங்கேயும் இருக்கவில்லை. ஒரு நாளில் இல்லாத நான்கு மணி நேரத்தைச் சம்பளம் என்று வாங்கி, அதையே வரி என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். வரி கட்டுவதற்காக அவர் ஒருநாளும் தன் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. பேருந்தில் உட்கார்ந்திருக்கிறவர் எழுந்தால்தானே நிற்கிறவர் உட்கார முடியும்? அவர் எழுந்ததே இல்லை. கோமதிநாயகம் எழுந்ததில்லை, வட்டையில் ஒருவரும் எழுந்ததில்லை. எழுந்தவர்கள் குடத்துக்காரர்கள் மட்டும்தான். அவள் விட்டுக்கொடுத்த இரண்டு மணி நேரத்தில் காலியான இடத்தில்தான் ஒரு குழந்தை படுத்துத் தூங்கியது. விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் குற்றம் இல்லை. எதைப் பெற்றது என்று எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்ற இடத்தில்தான் ஓட்டை. ஆடிட்டர் அலுவலகத்தில் அவர் அனுதினமும் போட்ட அதே ஓட்டை.

நான் வெளியே வருகிறேன், நீ உள்ளே போ என்று அவர் கதவில் கையை வைக்கப் போனார். சேர்மக்கனி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"நீங்க வெளிய, நான் உள்ள. இதுக்கா கல்யாணம் கட்டுனோம்? எனக்கு ஒருத்திக்குச் செஞ்சுட்டா, என் கூட வேலை பாக்கவங்களுக்கு யாரு செய்வா? கூட்டத்துல போயி இதைச் சொல்லுங்க."

கூட்டம் என்றதும் அவருக்கு இன்னொன்று உறைத்தது. குடத்துக்காரர்களுக்கு விலக்கு கொடுத்து அவர்கள் பத்து மணி நேரமும் வட்டைக்கு வந்துவிட்டால், கூடத்துப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? வட்டைக்காரர்களின் தாராளத்தில் ஒரு தொட்டிலைக்கூடப் போட முடியாது. விலக்கு வந்தாலும் கெட்டது, வராவிட்டால் அவள் எலும்பு போகும்.

கூட்டம் வட்டையில் நடந்தது. குடத்துக்காரர்கள் திரையில் தெரிந்தார்கள். அவர்கள் எல்லோரும் உட்கார வட்டையில் எப்போதுமே இடம் இருந்ததில்லை என்பது லிங்கத்துரைக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. கோமதிநாயகம் தீர்மானத்தை நெகிழ்ச்சியோடு வாசித்து முடித்ததும் கைதட்டல் எழுந்தது. பங்கு அண்ணாச்சி எழுந்து நின்றார். விலக்கை எதிர்த்துப் பேசப்போகிறார், மனிதருக்கு வேறு என்ன தெரியும் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

அவர் விரல்விட்டு எண்ணியதையே அங்கேயும் எண்ணிக் காட்டினார். இருபது, நாலு, பதினாறு, எட்டு. மூன்றாவது வரிசைக்கு முதலில் புரிந்தது. பிறகு சபை முழுவதும் சத்தம் போட்டது. இத்தனை வருஷம் நாங்கள் கொடுத்தது பொய்யா என்று ஒருவர் கேட்டார். என்னுடையதும் பொய்தான், உங்கள் எல்லோரையும்விட எனக்குத்தான் வெட்கம் அதிகம், காவல் காத்தவன் நான் அல்லவா என்றார் அவர்.

ஓர் இளம் பொறியாளர் எழுந்து நியாயமாகவே ஒரு வழி சொன்னார். பூமியில் செய்வதுபோலப் படிப்படியாக வரி போடலாம். குறைவாகப் பெறுகிறவர்களுக்கு ஒன்றும் வேண்டாம், அதிகம் பெறுகிற வட்டைக்காரர்களுக்குப் பாதி. லிங்கத்துரை அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டார். படி வைத்த வரிக்கும் ஒரு நியாயம் உண்டு, ஒருத்தருக்கு மிச்சத்திலிருந்து போவதும் இன்னொருத்தருக்கு எலும்பிலிருந்து போவதும் ஒன்றில்லை என்று நானும் இப்போதுதான் கற்றுக்கொண்டேன் என்றார். ஆனால் இங்கே நோய் அது இல்லை.

"காயிதத்துல இருக்க நேரத்துல பாதியை எடுத்தா பாதிக் காயிதம்தான் கிடைக்கும் தம்பி. புள்ளையளைக் காயிதத்துல படுக்கவைக்க முடியாது. படி வச்சா, எந்தப் படியில யாரு நிக்காவன்னு பாக்க ஒரு ஆபீஸ் வேணும். அந்த ஆபீஸ்ல உக்காந்து தப்பிக்க வழி சொல்ல என்னைய மாதிரி ஒருத்தன் வருவான். சட்டத்தை மாத்தவேண்டாம். ஒரே விகிதம், விலக்கு இல்ல. ஆனா ஒடம்புல எடை இருக்க நேரம் எல்லாம் வருமானம்னு எண்ணுங்க, வேலை நேரத்தையும் சேத்து. வரியைக் காயிதத்துல வாங்காதீய. ஆளை எந்திரிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் நிஜமாகவே எழுந்து கொடுத்தால் ஐந்தில் ஒன்றுகூடத் தேவையில்லை, பத்தில் ஒன்று போதும் என்று அவர் கணக்குச் சொன்னார். குடத்துக்காரருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம்தான் போகும், ஒன்பது மிஞ்சும். வட்டைக்காரர்களுக்கு நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் குடத்தில் கழியும். பாதிப் பேருக்கு அங்கே வாந்தி வருமே என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத் திரையில் இருந்த சேர்மக்கனி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பழகிரும் அண்ணாச்சி. நாங்க பழகலியா?"

குடத்தில் சிரிப்பு எழுந்தது. வட்டையிலும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். கோமதிநாயகம் மட்டும் தன் தீர்மானத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்துப் பார்த்தார். அவர் பொய் பேசத் தெரியாதவர். நான்கு கொடுக்கிறேன், நான்கு கொடுக்கிறேன் என்று மேடை மேடையாகச் சொன்னதை அவரும் உண்மை என்றுதான் நம்பியிருந்தார். கடைசியில் எழுந்து, தீர்மானத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கொடுத்தேன் கொடுத்தேன்னு பேசிட்டுத் திரிஞ்சேன். இனிமே கொடுத்துட்டுப் பேசுதேன்," என்று சொல்லிக் கையைத் தூக்கினார்.

குடத்தில் எல்லாக் கைகளும் தூக்கியபடிதான் இருந்தன. வட்டையில் மெல்ல மெல்ல எழுந்தன. எல்லாக் கைகளும் எழுந்தன என்று சொன்னால் அது கதை. சிலர் கைகட்டியே உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகளில் சிலர் அடுத்த கப்பலில் பூமிக்கே இறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் காலி செய்த இடத்தில் மூன்று கர்ப்பிணிகள் படுத்தார்கள். வலம்புரி தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளத் தகுந்த நாள் அது. பலகையை இறக்கி ஐந்தை அழித்துப் பத்து என்று பொறிக்க ஒரு முற்பகல்கூட ஆகவில்லை.

சேர்மக்கனியின் அடுத்த பரிசோதனையில் எலும்பு இறங்கவில்லை. ஏறவும் இல்லை, நின்ற இடத்தில் நின்றது. நஸீமா அவளைக் கட்டிக்கொண்டாள். லிங்கத்துரை அன்று மீன் வாங்கிவந்து, குழம்பைத் தானே வைத்து, உப்பைக் கூட்டிப் போட்டுக் கெடுத்தார். அவள் ஒரு குறையும் சொல்லாமல் ஒன்பது மணி நேரமும் வீட்டில் இருந்தாள்.

அவருடைய முறை வந்தது. ஊர் வந்து சேர்ந்த நாளில் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போனதோடு சரி, அவர் குடத்தில் காலை வைத்ததே இல்லை. வைக்கவும் அங்கே தரை கிடையாது. ஆரக்காலில் மேலே ஏற ஏறக் கால் லேசாகிக்கொண்டே போனது. குடத்தின் வாசல் திறந்ததும் அவர் உடம்பு யாரையும் கேட்காமல் கிளம்பிவிட்டது. கைப்பிடியைத் தவறவிட்டார். வேட்டி ஒரு பக்கம் பறந்தது, மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது. சரக்குத்துறை முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டைக்கு வந்து நின்றது. தலைகீழாகப் போகிறோமா நேராகப் போகிறோமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

தெரிந்தது ஒன்றுதான். அவர் வீட்டு நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது. கீழே வட்டையில், அவர் எடை இருந்த இடத்தில், யாரோ ஒருவர் வந்து காலூன்றி நிற்கிறார். அந்த நினைப்பில் குமட்டலுக்கு நடுவிலும் மனிதருக்கு நெஞ்சு விம்மியது. ஆண்டுவிழாவில் இத்தனை வருஷம் பேசிய பேச்சில் ஒருநாளும் இப்படி விம்மியதில்லை.

சேர்மக்கனி பெரிய பெட்டி ஒன்றின் விளிம்பை உதைத்து மிதந்து வந்து, அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாடியைப் பிடித்து மாட்டிவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் பையை அவர் வாயருகே நீட்டினாள். புதிதாகச் சேர்ந்த தொழிலாளி ஒருத்தி, யார் அக்கா இது, வேலைக்குச் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டாள்.

சேர்மக்கனி குடம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு. வரி கட்ட வந்திருக்காரு."